சாலைகள் மோசமாக இருக்கின்றன

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடக்கே எங்கோ இருந்த ஆக்டேவியஸ் என்பவர், விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் இருந்த கண்டிடஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாதிக்கு மேல் பணக் கவலைதான். சுமார் 5,000 மோடியஸ் (ரோமானியத் தானிய அளவை) தானியக் கதிர் வாங்கிவிட்டேன், கையில் காசில்லை, குறைந்தது 500 தெனாரியஸாவது (ரோமானிய வெள்ளிக் காசு) சீக்கிரம் அனுப்பு. இல்லையென்றால் முன்பணமாகக் கொடுத்த 300ம் போய்விடும், எனக்கும் தலைகுனிவு. அப்புறம் தோல் விஷயத்துக்கு வருகிறார். கட்டரக்டோனியத்தில் கிடப்பதாக நீ எழுதிய தோல்களை என்னிடம் கொடுக்கச் சொல், வண்டியையும் கொடுக்கச் சொல். நானே போய் எடுத்து வந்திருப்பேன், ஆனால் சாலைகள் மோசமாக இருக்கும்போது விலங்குகளை வருத்த எனக்கு மனமில்லை.

ரோமானியச் சாலை என்றால் நேர்கோடு, உறுதி, இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். அந்தச் சாலைகள் போடப்பட்டுச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அவற்றில் வண்டி ஓட்டிப் பிழைத்த ஒருவர் சொன்னது இது. பாடப்புத்தகத்தைவிட இவரைத்தான் நான் நம்புகிறேன்.

கட்டரக்டோனியம் என்பது இன்றைய கேட்டரிக். யார்க்‌ஷயரின் வடக்கே, ஸ்வேல் ஆற்றங்கரையில் இருக்கிற சிறிய ஊர். யார்க்கிலிருந்து கிளம்பி, கேட்டரிக்கில் ஸ்வேல் ஆற்றையும் பியர்ஸ்பிரிட்ஜில் டீஸ் ஆற்றையும் தாண்டி, கார்பிரிட்ஜ் வழியாக ஸ்காட்லாந்து வரை போன டியர் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலைதான் அதன் உயிர். இன்றைய ஏ1 நெடுஞ்சாலை இந்தப் பகுதியில் பெரும்பாலும் அதே தடத்தில் போகிறது. வேலை நிமித்தமாக நான் அடிக்கடி போய்வரும் சாலை. பல வருடங்கள் எதுவும் தெரியாமல்தான் அதில் ஓட்டினேன். அந்தச் சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது என்னவெல்லாம் வெளியே வந்தது என்று தெரிந்த பிறகு, ஸ்காட்ச் கார்னர் பெயர்ப்பலகை கண்ணில் படும்போதெல்லாம் மனது கீழே இருக்கிற மண்ணுக்குப் போய்விடுகிறது.

லீமிங்கிலிருந்து பார்ட்டன் வரை சுமார் 12 மைல் தூரத்தை மோட்டார்வேயாக மாற்றும் வேலை 2014ல் தொடங்கி 2018ல் முடிந்தது. இயந்திரங்களுக்கு முன்னாலும் சில இடங்களில் அவற்றோடு கூடவும் நார்தர்ன் ஆர்க்கியலாஜிக்கல் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் தொல்லியலாளர்கள் தோண்டிக்கொண்டே போனார்கள். கிடைத்த பொருட்கள் 1,77,000க்கும் மேல். இதில் பெரும்பங்கு பானை ஓடுகளும் எலும்புகளும்தான். எந்த அகழாய்விலும் அப்படித்தான்.

முதலில் சாலையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். ஒரு பழஞ்சாலையை ஆராய அதன் குறுக்கே ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கரண்டியால் செதுக்கிச் சுத்தம் செய்து, மண் அடுக்குகளைப் பார்க்கிறார்கள். அடியில் பழைய தரை. அதன்மேல் பெரிய கற்கள், அதற்கு மேல் திமிசு போட்டு இறுக்கிய சரளை. நடுப்பகுதி உயர்ந்து, இரு பக்கமும் மழைநீர் வழியச் சரிந்து, ஓரத்தில் வடிகால் பள்ளம். பிரிட்டனில் இருந்த ரோமானியச் சாலைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சரளைச் சாலைகள்தான். இத்தாலியப் படங்களில் பார்க்கும் பட்டைக்கல் பாவிய சாலை இங்கே அபூர்வம். கல்லுக்கும் சரளைக்கும் எங்கும் போகவில்லை. பக்கத்திலேயே குழி தோண்டி எடுத்தார்கள். அதனால் மண் மாறினால் சாலையின் உடம்பும் மாறும். ஒரு மைல் தள்ளி வெட்டினால் வேறு அடுக்கு தெரியும்.

ஆனால் வெட்டுமுகத்தில் நான் முக்கியமாகக் கருதுவது முதல் சாலையை அல்ல, அதற்கு மேலே இருப்பவற்றை. சரளைக்கு மேல் மெல்லிய சேற்றுப் படலம், அதற்கு மேல் மறுபடி சரளை, மறுபடி சேறு. வண்டிச் சக்கரம் அறுத்த தடம், அந்தத் தடத்தில் யாரோ கொட்டி நிரப்பிய உடைகல். வடிகால் தூர்ந்து போயிருக்கும், அதை வாரியிருப்பார்கள், பிறகு மறுபடி தூர்ந்திருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு மராமத்து வேலை. அதற்கெல்லாம் மேலே 18ஆம் நூற்றாண்டின் சுங்கச் சாலை, பிறகு தார். ரோமானியச் சாலை இரண்டாயிரம் ஆண்டு நின்றது என்று சொல்வதைவிட, இரண்டாயிரம் ஆண்டாக யாரோ அதை ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. அந்தப் பெருமை ரோமுக்குப் போகிற அளவுக்கு, சரளை சுமந்தவர்களுக்குப் போகவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்த அகழாய்வில் ஈயத்தாலான ஒரு தூக்குக்குண்டு கிடைத்தது. நம் ஊர்க் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அதேதான். ரோமானிய நில அளவையாளர்களும் குண்டு தொங்கும் நூல்களை வைத்துத்தான் நேர்கோடு பிடித்தார்கள். ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டைக் குறிபார்த்து, அந்தத் துண்டுக்கு மட்டும் நேராகப் போட்டு, அடுத்த மேட்டில் திசையைச் சற்றே மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கோடு போட்ட கைகளில் ஒன்றைத் தொடுகிற அளவுக்கு நெருங்கிய பொருள் இது. இதைவிடப் பளபளப்பான பொருட்கள் நிறையக் கிடைத்தன. எனக்கு இதுதான் பிடித்தது.

சரி, சாலை வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? இந்தக் கேள்விக்குத்தான் ஸ்காட்ச் கார்னரில் எதிர்பாராத பதில் கிடைத்தது.

இன்று ஸ்காட்ச் கார்னர் என்றால் பெட்ரோல் போட்டு, காபி குடித்து, ஸ்காட்லாந்துக்கா ஏரி மாவட்டத்துக்கா என்று பிரிந்து போகிற சந்திப்பு. அதன் அடியில் இரும்புக் காலத்துக் குடியிருப்பு ஒன்று பெரிய அளவில் இருந்திருக்கிறது. ரோமானியப் படை இந்த வடபகுதிக்குள் நுழைந்தது கி.பி. 71 வாக்கில், செரியாலிஸ் ஆளுநராக இருந்தபோது. ஆனால் ஸ்காட்ச் கார்னர் மக்களிடம் அதற்கு முன்பே ரோமானியப் பொருட்கள் இருந்தன. கண்ணாடிக் கலங்கள், கடல் கடந்து வந்த மட்பாண்டங்கள். அவற்றோடு அம்பர் என்ற இறுகிய மரப்பிசினில் செதுக்கிய ஒரு சிற்றுருவம், டோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்த நடிகன். இத்தாலியில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதே போன்ற ஒன்று இத்தாலியின் பொம்பெய் நகரில் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் இதுதான் முதல்.

நாணயம் தொடர்பான கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. சுட்ட களிமண் தட்டுகள், அவற்றில் வரிசையாகச் சிறு சிறு பள்ளங்கள். பணியாரக் கல்லைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் பள்ளங்களில் உலோகத் துணுக்குகளை உருக்கிக் குண்டுமணி போல எடுத்து, பிறகு நாணயமாக அடிப்பது வழக்கம். இப்படிப்பட்ட தட்டுகளின் உடைசல்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவிலேயே இவ்வளவு வடக்கே இந்த வேலை நடந்ததற்கு வேறு சான்று இல்லை. விசித்திரம் என்னவென்றால், இந்தப் பகுதியை ஆண்ட பிரிகாந்தியர்கள் சொந்தமாக நாணயம் அடித்ததாக இதுவரை எந்தத் தடயமும் இல்லை. பிறகு எதற்கு இந்தத் தட்டுகள்? பொன்னும் வெள்ளியும் எடைபோட்டுக் கொடுக்கப் பயன்பட்டனவா, பரிசாகப் போயினவா? ஆய்வாளர்களே கதவைத் திறந்து வைத்திருக்கும் கேள்வி இது.

பிரிகாந்தியர்களின் அரசி கார்ட்டிமாண்டுவா. ரோமை எதிர்த்துப் போரிட்டுத் தப்பி வந்த கரட்டாக்கஸை கி.பி. 51ல் சங்கிலியிட்டு ரோமானியரிடம் ஒப்படைத்தவர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். 69ல் முன்னாள் கணவர் வெனூசியஸின் கலகத்தில் ஆட்சியை இழந்தார். ஸ்காட்ச் கார்னரிலிருந்து சில மைல் தள்ளி ஸ்டான்விக் என்ற இடத்தில் பிரமாண்டமான மண்கோட்டை இருக்கிறது. 1951-52ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அரிக்கமேட்டில் தோண்டிய அதே வீலர்தான். கார்ட்டிமாண்டுவாவின் அரசிருக்கை ஸ்டான்விக்காகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது பலரும் ஏற்கிறார்கள். அப்படியென்றால் ஸ்காட்ச் கார்னர் அந்த அரசின் வாசல். தெற்கிலிருந்து வந்த பொருளும் ஆளும் அங்கே இறங்கியிருக்க வேண்டும். பென்னைன் மலையைக் கடந்து மேற்கே போகும் வழி பிரிகிற இடம் அதுதான். ரோமானியர்கள் அந்தச் சந்திப்பை உருவாக்கவில்லை. ஏற்கெனவே மக்கள் கூடிய இடத்தின் மேல் தங்கள் சாலையை இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கசப்பாகவே இருக்கிறது. படையும் சாலையும் வந்து ஒரு தலைமுறைக்குள் ஸ்காட்ச் கார்னர் குடியிருப்பு மங்கிப்போனது. தெற்கே சில மைல் தள்ளி, ஸ்வேல் ஆற்றைச் சாலை கடக்கும் இடத்தில், கோட்டையை ஒட்டிக் கேட்டரிக் எழுந்தது. ரோமோடு நட்பாக இருந்து, ரோமானியக் கண்ணாடியில் குடித்து, அம்பர் பொம்மையைக் கையில் வைத்து ரசித்த அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் புது ஊருக்கு மாறினார்கள், எத்தனை பேர் வயலுக்குத் திரும்பினார்கள்? மண் அதைச் சொல்வதில்லை. சாலை வந்தால் வளர்ச்சி வரும் என்று எல்லாக் காலத்திலும் சொல்கிறார்கள். யாருக்கு வரும், யாரிடமிருந்து போகும் என்பதும் சேர்ந்ததுதான் சாலையின் வரலாறு.

கேட்டரிக்கில் படைக்குத் தேவையான சாமான்கள் தயாராயின, முக்கியமாகத் தோல். கூடாரம், செருப்பு, சேணம், கேடய உறை என்று ரோமானியப் படைக்குத் தோல் இல்லாமல் ஒரு நாள் நகராது. 1958-59ல் இங்கே புறவழிச்சாலை போடும்போது ஜான் வாச்சர் அவசர அகழாய்வு செய்தார். அப்போதே தோல் வேலையின் கழிவுகள் பெருமளவில் கிடைத்தன. அவற்றின் காலம் முதல் நூற்றாண்டின் கடைசியும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமும். ஆக்டேவியஸின் கடிதம் படித்து வெளியிடப்பட்டது அதற்கு வெகு காலம் கழித்து, 1990களில். கேட்டரிக்கில் தோல்கள் கிடக்கின்றன என்று கடிதம் சொல்கிறது. ஆமாம், கிடந்தன என்று மண் முன்பே சொல்லிவிட்டது. 2014க்குப் பிறகு தோண்டியபோது செருப்புகள், சாவிகள், மைக்கூடு எல்லாம் வந்தன. எழுத்தும் பூட்டும் இருந்த ஊர். கணக்கு வைக்கிறவர்களும் காப்பாற்ற ஏதாவது இருந்தவர்களும் வாழ்ந்த ஊர்.

கேட்டரிக்குக்குத் தெற்கே அதே சாலையோரம் பெய்னஸ் என்று இன்னொரு சிற்றூர். சாலையை ஒட்டி வரிசையாக வீடுகள், பின்னால் தோட்டம், அதற்கும் அப்பால் இடுகாடு. 1980களில் அங்கே கிடைத்த ஒரு 4ஆம் நூற்றாண்டுப் புதைகுழி பற்றி 2002ல் நிறையப் பேசினார்கள். ஓர் இளைஞன்; கழுத்திலும் கையிலும் ஜெட் என்ற கருமணி நகைகள், காலில் ஒரு காப்பு, வாயில் இரண்டு சிறு கற்கள். சிபெலி தேவியின் பூசாரியாக இருக்கலாம், அவர்கள் தங்களைக் காயடித்துக்கொண்டு பெண்ணுடையும் நகையும் அணிந்தவர்கள் என்று விளக்கம் தந்தார்கள். இருக்கலாம். நகையை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்க எனக்குத் தயக்கம். ஆனால் அவரை அந்த நகைகளோடு அன்பாகப் புதைத்தவர்கள் அந்தச் சாலையோரத்தில் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆக்டேவியஸின் கடிதம் கிடைத்த விண்டோலாண்டாவுக்கு வருகிறேன். ரோமானிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே ஒரு மைல் தூரத்தில், ஸ்டேன்கேட் என்ற கிழக்கு மேற்குச் சாலையோரம் இருக்கிறது. கார்பிரிட்ஜையும் கார்லைலையும் இணைத்த சாலை அது. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல் ரோமானியர் நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கிறது. 1973ல் மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க வடிகால் வெட்டியபோது தொல்லியலாளர் ராபின் பிர்லி கையில் முதல் மரச்சீவல்கள் சிக்கின. ஓரிரண்டு மில்லிமீட்டர் கனம், அஞ்சலட்டை அளவு, கரி மையில் எழுத்து. பழைய மரக் கட்டடங்களை இடித்துக் களிமண்ணால் மூடி, அதன்மேல் புதிதாகக் கட்டியதால் காற்றுப் புகாமல் தங்கியவை. காற்றுப் பட்டதும் மை மங்கியது. அகச்சிவப்புப் புகைப்படம்தான் எழுத்தை மீட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அவற்றைப் பார்க்க ஒரு மழைநாளில் போயிருந்தேன். எல்லோரும் கூடி நின்றது கிளாடியா செவேரா தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதத்தைப் பற்றிய பகுதியில். ஒரு பெண் தன் கைப்பட எழுதியவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய லத்தீன் வரிகளில் சில அதில் இருக்கின்றன. கூட்டம் கூடுவது நியாயம்தான். என் கவனம் சாலைக் கணக்குகள் மேல் போனது. ஒரு பட்டியலில் வண்டிச் சக்கரத்துக்குக் குடம் 34, அச்சு 38, ஆரக்கால் 300 அனுப்பியதாக எழுதியிருக்கிறது. இன்னொன்று பயணச் செலவுக் கணக்கு: இசூரியம், கட்டரக்டோனியம், வினோவியா என்று டியர் ஸ்ட்ரீட்டின் ஊர்கள் அதில் வரிசையாக வருகின்றன. வழியில் வண்டிக்கு இரண்டு அச்சு, மூன்றரை தெனாரியஸ். தங்குவதற்கு அரை தெனாரியஸ். பிறகு பார்லி, மட்டமான திராட்சை மது. அச்சு முறிகிற சாலை, அச்சு விற்கிற கடை, படுக்க இடம் கொடுக்கிற வீடு. வெட்டுமுகத்தில் பார்த்த சேறும் சரளையும், குடியிருப்பில் பார்த்த பட்டறையும் இந்தக் கணக்கில் ஒன்றுசேர்கின்றன. சாலை கெட்டதால்தான் சாலையோரம் பிழைத்தது என்று சொன்னால் மிகையாகுமோ என்று யோசித்தேன். ஆகாது என்றே தோன்றுகிறது.

அங்கே நம் பக்கத்துப் பொருளும் ஒன்று இருக்கிறது. டாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்ற சிப்பாய் மிளகு வாங்கியதாக ஒரு கணக்கு. விலை 2 தெனாரியஸ். அன்றைக்கு மிளகு வந்தது சேரநாட்டு மலைகளிலிருந்து, முசிறித் துறைமுகம் வழியாக. செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில், இந்தியப் பானை ஒன்றுக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் நதிக்கு, படகில் அலெக்சாண்ட்ரியாவுக்கு, மறுபடி கப்பல். கடைசிக் கட்டத்தை டைன் ஆற்று முகத்துவாரம் வரை கடலிலும் கடந்திருக்கலாம், கேட்டரிக் வழியாக வண்டியிலும் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் கடைசிச் சில மைல்கள் ஸ்டேன்கேட்டின் சரளைமேல்தான். பெயரைப் பார்த்தால் கம்பாக்ஸ் ஜெர்மானியப் பகுதியிலிருந்து வந்தவன் போலிருக்கிறது. அந்தக் குளிரில் அவன் கஞ்சியில் நம் மிளகு விழுந்திருக்கிறது.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. 1989ல் லண்டனில் கட்டட வேலைக்காகத் தோண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைக் காப்பாற்ற மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்தில் திட்ட அனுமதி விதிகள் மாறின: நிலத்தைக் கிளறப்போகிறவர், அதிலிருக்கும் தொல்பொருளை ஆராயவும் செலவு செய்ய வேண்டும். வாச்சர் காலத்தில் புல்டோசரோடு போட்டி போட வேண்டியிருந்தது. ஏ1ல் அந்த வேலை திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே இருந்தது. தோண்டி முடித்ததோடு அது நின்றுவிடவும் இல்லை. ஓடு கழுவி, எலும்பு எண்ணி, தோலைப் பதப்படுத்தி, மண்ணைச் சலித்து விதை பொறுக்கி, வரைந்து எழுதி, முழு அறிக்கைகள் 2020லிருந்துதான் நூல்களாக வரத் தொடங்கின. இந்தப் பின்வேலைக்கு ஒதுக்கும் பணத்தைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். அதை வெட்டினால் 1,77,000 பொருட்களும் பெட்டிக்குள் இருக்கும் குப்பை.

அடுத்த சாலை வேலையும் ஸ்காட்ச் கார்னரைத் தொட்டுத்தான். அங்கிருந்து பென்னைனைத் தாண்டி பென்ரித் போகும் ஏ66ஐ முழுவதும் இருவழி நான்கு தடமாக மாற்றும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதுவும் பெரும்பகுதி ரோமானியச் சாலைத் தடம்தான். கார்கின் மூர் கோட்டையின் அருகே போகிறது. கிர்க்பி தோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிராவோனியாக்கம் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. கோட்டைச் சுவர்கள் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. நான் எதிர்பார்ப்பது ஓரத்து வடிகால்களையும், கொல்லன் பட்டறையின் சாம்பலையும், ரோமானியர் வருவதற்கு முன் அந்த வழியில் யார் கூடினார்கள் என்பதற்கான ஓட்டுத் துண்டுகளையும். அகழாய்வுக் குழு திறந்தவெளி நாள் அறிவித்தால் விடுப்புப் போட்டுவிட்டுப் போவேன். அந்தப் பக்கம் இருக்கிற தமிழர்கள் யாராவது சேர்ந்து வருவதானால் சொல்லுங்கள், என் காரில் இடம் இருக்கிறது.